அரை வயிற்றுச் சோறு

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அண்ணாச்சி. இப்போது நான் சொல்லப்போகிற விஷயத்தை நானே பல வருஷமாக முழுசாக நம்பவில்லை. நம்பவில்லை என்றால் பொய் என்று நினைத்தேன் என்று அர்த்தமில்லை. பொய் என்று நினைத்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன். உண்மை என்று நினைத்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது பாருங்கள், அங்கேதான் குடியிருந்தேன்.

ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்துகொள்ளட்டுமா? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லாரி ஓட்டினவன் நான். பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து வர எனக்கு வராது. ரோடு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்த டிரைவர் பிரேக் போடுகிற இடம் ஒன்றுகூடச் சரியில்லை. என் கால் தானாக அழுத்திக்கொண்டே வருகிறது, உங்கள் செருப்பில் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்குத்தானே போகிறீர்கள்? நானும் அங்கேதான். என் மகள் பகவதி மதுரையில் இருக்கிறாள். ஏழு மாதம் முடிந்து எட்டு நடக்கிறது. இன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவளுக்கு எடை பார்க்கிறார்கள். போன தடவையே டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வயிற்றில் பிள்ளை வளர்ச்சி போதவில்லை, அடுத்த தடவையும் எடை ஏறாமல் வந்தால் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், இங்கேயே சேர்த்துக்கொள்வேன் என்று. அதனால்தான் இந்தப் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். மடியில் வைத்தால் அடிக்கிறது தெரியாமல் போய்விடும்.

வீட்டில் இல்லாத கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள். மாப்பிள்ளை நல்ல பையன். முட்டை, பால், பேரீச்சம்பழம், கீரை எல்லாம் வாங்கிப்போடுகிறார். வாந்தியும் நாலு மாதத்தோடு நின்றுவிட்டது. அவளுக்குப் பசி இல்லாமல் இல்லை. பசிக்கிறது. பசியோடு இருக்கிறாள். வேண்டுமென்றே இருக்கிறாள்.

நான் ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் போட்டுக் கேட்பேன், என்னம்மா சாப்பிட்டே என்று. இட்லி என்றால் எத்தனை என்பேன். சோறு என்றால் எந்தக் கரண்டியால் என்பேன். ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள், அப்பா, உங்களுக்குப் பதில் சொல்லுற நேரத்துல நான் ஒரு தோசை தின்னுருப்பேன் என்று. பேச்சுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. தோசைதான் உள்ளே போவதில்லை.

ஏன் என்று கேளுங்கள். என் அக்கா சொன்ன கதைதான்.

என் அக்கா பெயர் சண்முகத்தாய். எங்களுக்கு அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அக்காதான் என்னைத் தூக்கி வளர்த்தாள். கல்யாணம் ஆகிப் போனாள், அத்தான் சீக்கிரம் இறந்துவிட்டார், பிள்ளை குட்டி எதுவும் இல்லாமல் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அவள் ஒன்று சொன்னால் நான் எதிர்த்துக் கேட்டதில்லை. கேட்க வாய் வராது. எனக்குச் சோறு ஊட்டின கை அது.

என் வீட்டுக்காரி கோமதி முதல் பிள்ளை உண்டாகி இருந்தபோது நான் நாக்பூர் லைன் ஓட்டிக்கொண்டிருந்தேன். இங்கேயிருந்து தீப்பெட்டி, அங்கேயிருந்து ஆரஞ்சு. ஒவ்வொரு நடைக்கும் கோமதிக்கு என்று ஒரு கூடை பழம் எடுத்துவைப்பேன். வழியில் பால்கோவா கிடைத்தால் அதுவும். நன்றாகச் சாப்பிட்டாள். முகம் பளபளவென்று இருந்தது. நடப்பாள், தண்ணீர் எடுப்பாள், ஓய்ந்து உட்கார மாட்டாள். அக்காவுக்கு அந்தச் சாப்பாடு பிடிக்கவில்லை. இவ இப்படித் தின்னா பிள்ளை உள்ளே கொழுத்துப் போகும், அப்புறம் எப்படிப் பெறுவா என்பாள். நான் சிரித்துக்கொள்வேன்.

வலி எடுத்தபோது நான் ஆதிலாபாத் பக்கம் எங்கேயோ ரோட்டில் இருந்தேன். அப்போது கையில் போனா கிடந்தது? நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் செத்தே பிறந்த ஆண் பிள்ளை. புதைத்தும் விட்டார்கள். அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் லாரிச் சாவியைக்கூடப் பையில் போடவில்லை, நின்றபடிக்கே சொன்னாள்.

"பிள்ளை ரொம்பப் பெருத்துட்டான் தம்பி. வெளிய வர வழியில்லாம மூச்சு முட்டிப் போச்சு. இவ தின்ன தீனி அப்படி."

கோமதி உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ நாள் லாரியில் இதையே யோசித்துக்கொண்டு போயிருக்கிறேன் அண்ணாச்சி. என் ஆரஞ்சா? நான் வாங்கிவந்த பால்கோவாவா? நான் கொண்டுவராமல் இருந்திருந்தால் அவன் இருந்திருப்பானா? இப்படியே போகும் மனசு. எதிரே லாரி வருவதுகூடத் தெரியாது. கிளீனர் தோளைத் தட்டுவான்.

இதில் எங்கே சந்தேகம் வந்தது என்று கேட்டால், எடையில் வந்தது. முதலில் அக்கா எதிர்வீட்டு அம்மாளிடம் சொன்னபோது பிள்ளை நாலு கிலோ. அடுத்த வருஷம் ஒரு கல்யாண வீட்டில் சொன்னாள், நாலரை. பகவதிக்குச் சடங்கு வைத்த அன்றைக்குப் பந்தியில் சொன்னபோது ஐந்து. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். லோடு ஏற்றினவன் அண்ணாச்சி நான். மழையில் நனைந்த பஞ்சு மூட்டை வேண்டுமானால் போகப் போக எடை கூடும். வேறு எந்தச் சரக்கும் வழியில் கூடாது. மண்ணுக்குள் போன பிள்ளை எப்படி வருஷா வருஷம் கனக்கிறான்?

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அக்காவுக்கும் துக்கம் இருக்கும், துக்கத்தில் கூட்டிச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

ராஜபாளையம் வந்துவிட்டதா? இல்லை, இன்னும் இல்லை. இவர் என்ன, மாட்டு வண்டி மாதிரி ஓட்டுகிறார்.

கோமதி இரண்டாவது பிள்ளை உண்டானபோது அக்கா பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். ஆறாவது மாதத்திலிருந்து அரை வயிற்றுச் சோறு. மத்தியானம் ஒரு கரண்டி, ராத்திரிக்குக் கஞ்சி. நெய் கிடையாது, கிழங்கு கிடையாது, பழம் ஆகாது. தண்ணீரைக்கூடப் பார்த்துக் குடி என்பாள். கோமதி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எங்கள் பக்கம் இது புதுசொன்றும் இல்லை. பிள்ளை சின்னதாக இருந்தால் சுலபமாகப் பிறக்கும், கத்தி வைக்க வேண்டாம் என்று பல வீட்டில் இப்படிச் செய்கிறதுதான்.

நான் ஒன்று சொல்ல வேண்டும். கோமதியை நான் சாப்பாட்டு விஷயத்தில் ஒரு சொல் சொன்னதில்லை. சில புருஷன்மார் தட்டைப் பிடுங்குவார்கள். நான் அப்படியில்லை. நான் ஊரில் இருக்கிற நாளில் அவள் சாப்பிடும்போது கூடவே உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். ஒரு நாள் இரண்டாவது தடவை சோற்றுச் சட்டியில் கரண்டி விட்டாள். நான் பார்த்தேன். சும்மா பார்த்தேன். அவளாகவே கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை. ஆரஞ்சு வாங்குவதையும் நிறுத்தியிருந்தேன். நாக்பூரில் கூடை கூடையாக ஏற்றும்போது மணம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எனக்கும்தான் கஷ்டம்.

பகவதி பிறந்தாள். வலி எடுத்துக் கொஞ்ச நேரத்தில் பிறந்துவிட்டாள். அக்கா வெளியே வந்து, வழுக்கிக்கிட்டு வந்துட்டா என்றாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சுகப்பிரசவம். என்ன, பிள்ளை கொஞ்சம் பொடிசு. இரண்டு கிலோவுக்கும் குறைவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பால் இழுத்துக் குடிக்கத் தெம்பில்லை, பஞ்சில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். கோமதிக்கும் மயக்கம் வந்து ரத்தம் ஏற்றினார்கள். முடியெல்லாம் கொட்டிவிட்டது. பகவதிக்கு வருஷம் முழுக்கச் சளி, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். அதெல்லாம் உண்டுதான். ஆனால் சுகப்பிரசவம். அதில் குறை சொல்ல முடியாது.

அந்தப் பிள்ளைதான் இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அத்தை சொல்லுவாள், உங்கம்மா வயித்தைக் கட்டினதாலதான் நீ இருக்கே என்று. கம்ப்யூட்டர் படித்திருக்கிறாள், இங்கிலீஷில் பேசுகிறாள், கம்பெனியில் பத்துப் பேரை வேலை வாங்குகிறாள். ஆனால் இந்த ஒன்று மட்டும் உள்ளே அப்படியே உட்கார்ந்துவிட்டது.

வளைகாப்பு அன்றைக்கு நான் கண்ணால் பார்த்தேன். புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் செய்து இலையில் வைத்தார்கள். வந்த பெண்களெல்லாம் சாப்பிடு சாப்பிடு என்கிறார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பகவதி ஒவ்வொன்றிலும் ஒரு விரல் அளவு எடுத்து வாயில் வைத்துவிட்டு அத்தையைப் பார்க்கிறாள். அக்கா தலையை ஆட்டுகிறாள், போதும் என்று. கை நிறைய வளையல், இலை நிறையச் சோறு. இலையை அப்படியே மடித்து எடுத்தார்கள். மணிக்கட்டில் வளையல் நிற்கவே இல்லை, முழங்கை வரைக்கும் ஓடுகிறது. அவ்வளவு மெலிவு.

போன தடவை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போயிருந்தேன். என்ன சாப்பிடுகிறாய் என்று டாக்டரம்மா கேட்டதற்கு இவள் வாய் கூசாமல் முட்டை, பால், கீரை என்று அடுக்குகிறாள். டாக்டரம்மா பேசாமல் கேட்டுவிட்டு, நீ சொல்லுறது ஒண்ணு, எடை மெஷின் சொல்லுறது ஒண்ணா இருக்கேம்மா என்றார். அப்புறம்தான் இவள் கேட்டாள், நிறையச் சாப்பிட்டுப் பிள்ளை பெரிதாகிவிட்டால் என்ன செய்வது என்று.

அந்த அம்மா கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார். எடை எவ்வளவு கூட வேண்டும் என்பது எல்லாருக்கும் ஒன்றில்லையாம். ஒல்லியாக இருந்தவள் கூடுதலாக ஏற வேண்டும், முன்பே கனமாக இருந்தவளுக்குக் கொஞ்சம் ஏறினாலே போதும். இரண்டு ஆளுக்குச் சாப்பிட வேண்டும் என்பதும் இல்லை, அரை ஆளுக்குச் சாப்பிடுவதும் சரியில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பிள்ளை பெரிதாகலாம், அதற்குத்தான் டெஸ்ட் எடுத்துப் பார்த்தோம், உனக்கு அது இல்லை. தூக்கம், நடை, மனக்கவலை எல்லாமே எடையைப் பிடித்து இழுக்கும். நீ பட்டினி கிடந்தால் பிரசவம் சுலபமாகாது, பிள்ளைதான் பலமில்லாமல் பிறக்கும். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஆரஞ்சு சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடுமா டாக்டர் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். யாருக்குப்பா இந்தச் சந்தேகம், உங்களுக்கா, மகளுக்கா என்றார்.

வெளியே வந்ததும் பகவதி படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள்.

"அவங்க படிச்சதைச் சொல்றாங்கப்பா. எங்க அண்ணன் எப்படிச் செத்தான்னு அவங்களுக்குத் தெரியுமா?"

அண்ணன் என்றாள் அண்ணாச்சி. நான் முகம் பார்க்காத பிள்ளையை அவள் அண்ணன் என்கிறாள். அப்புறம் சொன்னாள், பக்கத்தில் இருந்து பார்த்தவங்க அத்தை, அத்தை வாயால சாப்பிடுன்னு சொல்லட்டும், நான் சாப்பிடுறேன் என்று.

கோமதியிடம் கேட்டீர்களா என்கிறீர்களா? மாப்பிள்ளையும் இதையேதான் கேட்டார். கோமதியிடம் என்ன கேட்பது? அவள் வலியில் கிடந்தவள், அவளுக்கு என்ன தெரிந்திருக்கும்? பார்த்தவள் அக்காதானே. அதுவும் இல்லாமல் நாங்கள் அந்த விஷயத்தைப் பேசிக்கொள்வதில்லை. ஒரு நாள்கூடப் பேசினதில்லை. அவள் மனசு நோகக்கூடாது என்று நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

இப்போது கோமதி மதுரையில் மகளோடுதான் இருக்கிறாள். போன வாரம் நான் போயிருந்தபோது ஒன்று நடந்தது. பகவதி சாப்பிட உட்கார்ந்தாள், அரை இட்லியைப் பிய்த்து வைத்துக்கொண்டு உருட்டுகிறாள். கோமதி எதிரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"உன்னைச் சுமந்தப்போ எனக்கு எந்நேரமும் சோத்து நினைப்புதான். பிள்ளை நினைப்பே வராது. உனக்கு அது வேண்டாம்."

கோமதி அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஆனால் மகளிடம் சொல்ல வேண்டியதை என்னைப் பார்த்து ஏன் சொன்னாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பகவதி எழுந்து கை கழுவப் போய்விட்டாள். அத்தை சொன்னால்தான் என்று நிற்கிறாளே, என்ன செய்வது.

அதனால்தான் இன்றைக்குக் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். கோவில் பக்கத்தில் சின்ன வீடு எடுத்துத் தனியாக இருக்கிறாள் இப்போது. வயசாகிவிட்டது, கண் சரியில்லை. பகவதி பிரசவத்துக்கு மருந்து கிண்டக் கொடுக்க வேண்டும் என்று பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ரெண்டு மாதம் கிடக்கிறது, இப்போதே உரிக்கிறாள். அவ்வளவு ஆசை. நான் டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். அக்கா, பிள்ளைக்கு வளர்ச்சி இல்லையாம், நீ ஒரு வார்த்தை சொன்னால் அவள் சாப்பிடுவாள், வேறொன்றும் வேண்டாம் என்றேன். சரி, போனைப் போடு என்றாள்.

போட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் பகவதி. அக்காவுக்குக் காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில் வைத்தேன். பின்னால் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது, கோமதியாகத்தான் இருக்கும். அக்கா சாப்பிடச் சொல்லுவாள் என்று நான் பூண்டுத் தோலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்காவும் தைரியம் சொல்லுகிறேன் என்றுதான் ஆரம்பித்தாள். டாக்டர்மாருக்குக் கத்தி வைக்கத்தான் அவசரம், நீ பயப்படாதே, நான் வந்து இருக்கிறேன் என்றாள். அப்புறம் சொன்னாள்.

"உங்கம்மாவுக்கு மொதல் பிள்ளைக்கு விடியுமுன்ன வலி எடுத்துட்டு. அப்பவே கொண்டு போயிருந்தா வயித்தைக் கிழிச்சிருப்பாங்க. கூட்டிட்டுப் போ மதினின்னு அவ அழுதா. நான் விடலையே. வெளக்கு வைக்கிற வரைக்கும் வீட்டுலயே வச்சுக் காப்பாத்துனேனாக்கும்."

பெருமையாகத்தான் சொன்னாள் அண்ணாச்சி. அதில் ஒரு ஒளிவுமறைவும் இல்லை. ஆனால் நான் இதை இதுவரைக்கும் கேட்டதில்லை. என்னிடம் எப்போது சொன்னாலும் கதை ஆஸ்பத்திரி வாசலில் இருந்துதான் தொடங்கும். அதற்கு முன்னால் ஒரு பகல் முழுக்க இருந்தது என்று யாரும் சொன்னதில்லை. பகல் முழுக்கக் கோமதி அழுதுகொண்டு கிடந்திருக்கிறாள். கூட்டிட்டுப் போ என்று கேட்டிருக்கிறாள். என்னிடம் ஏன் அவள் இதைச் சொல்லவில்லை என்று தெரியவில்லை. நான் என்ன, கடித்தா தின்றுவிடுவேன்?

போனில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. பகவதி மூச்சு விடுகிறது மட்டும் கேட்கிறது. அக்காவுக்கு அது புரியவில்லை. பூண்டை எடுத்து நகத்தால் கிள்ளிக்கொண்டிருக்கிறாள். நான்தான் அப்போது வாயைத் திறந்தேன். ஏன் திறந்தேன், எப்படித் திறந்தேன் என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் வராதது அந்த நேரத்தில் வந்துவிட்டது.

கேட்டதும் அக்கா கை நின்றது. என் முகத்தைத் தேடினாள், கண் சரியாகத் தெரியாதே, கொஞ்சம் தள்ளிச் சுவரைப் பார்த்தாள். ஒரு பல் பூண்டு தரையில் உருண்டது, அதைத் தடவித் தடவித் தேடினாள். நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. பகவதி லைனைத் துண்டித்துவிட்டாள். திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. பஸ் ஏறின பிறகும் போட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. கோமதிக்குப் போட்டேன், அவளும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் ஒரு தடவை எடுத்து, உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க மாமா, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டார். யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். கோமதியா, மகளா, இரண்டு பேருமா? அதைச் சொல்லியிருக்கலாம் இல்லையா?

என்ன கேட்டேன் என்றா? பெரிதாக ஒன்றும் இல்லை. விடியக்காலைப் பேச்சை நான் எடுக்கவில்லை, எடுக்க எனக்குத் தெம்பு இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அந்த முதல் பிள்ளையைப் பழைய சேலையில் சுற்றி இடுகாடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவள் அக்காதான். அவனை ஏந்தின கை அந்த ஒரு ஜோடிக் கைதான். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அக்கா, அவன் கனத்தானா?"